செயற்கைப் புல் விரிப்பதற்கு முன் முற்றத்துக்கு ஒரு மறுகால்

மதுரையை அடுத்த திருமங்கலம் பக்கம் அக்கா வீட்டு முற்றத்தில் செயற்கைப் புல் விரித்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் நல்ல வெயில் அடித்தும், நடந்தால் சதக் சதக் என்று கால் அமுங்கியது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் கொட்டியிருந்த எம்சாண்ட் கரிசலோடு கலந்து கூழாகக் கிடந்தது, விரிப்பின் அடிப்பக்கத்து ஓட்டைகளில் பாதி சேறு அடைத்திருந்தது, சாக்கடை வாடை மூக்கைத் துளைத்தது. விரித்துக் கொடுத்தவர்கள் மண்ணைத் தட்டிவிட்டு ஒரே நாளில் வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பழைய கொத்தனார் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினோம். அவர் புல்லைப் பார்க்கவே இல்லை, மாடியிலிருந்து இறங்கும் பைப்பையும் காம்பவுண்டுச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, கம்மாய்க்கு மறுகா இல்லேன்னா கரை நிக்குமா? தண்ணி எங்கிட்டுப் போகும்னு ஒருத்தரும் கேக்கலையா?" என்று அக்காவிடம் கேட்டார். கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியே போகிற வழிதான் மறுகால். அக்கா என்னைப் பார்த்தாள். நான்தான் "இது ஈசி வேலைக்கா, போட்டுரலாம்" என்று சொன்னவன்.

அதற்கப்புறம் புல்லைச் சுருட்டி வைத்துவிட்டு, மண்ணைத் தோண்டி, முதலிலிருந்து செய்தோம். அப்போது கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். செயற்கைப் புல் தண்ணீரைக் குடிக்காது. அதன் ஓட்டை வழியாகத் தண்ணீர் கீழே இறங்கும், அவ்வளவுதான். இறங்கிய தண்ணீர் எங்கே போகிறது என்பது உங்கள் பாடு. சாதாரண மண் தரையில் தண்ணீர் நின்றால் கண்ணுக்காவது தெரியும், வெயில் பட்டுக் காயும். விரிப்புக்கு அடியில் நின்றால் தெரியவும் தெரியாது, சீக்கிரம் காயவும் காயாது.

முதலில் ஒரு மழையை நின்று பாருங்கள்

புல்லுக்கு விலை கேட்கும் முன்னால் ஒரு நல்ல மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த மூலையில் தேங்குகிறது, மழை விட்டு எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்று பார்த்து, தேங்கும் இடத்தில் ஒரு குச்சியை ஊன்றிவிடுங்கள். மழை இல்லாத மாதம் என்றால் ஹோஸைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் பார்க்கலாம். ஆனால் ஹோஸ் தண்ணீர் மாடித் தண்ணீரைக் காட்டாது, அதுதான் பெரிய ஆள்.

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம். முற்றம் 20 அடிக்கு 15 அடி, அதாவது 300 சதுர அடி. 5 செ.மீ. மழை பெய்தால் அதில் நேராக விழுவது சுமார் 1,400 லிட்டர். மாடி 800 சதுர அடி என்றால் அங்கே விழுவது சுமார் 3,700 லிட்டர். மாடிப் பைப் எல்லாம் முற்றத்தில்தான் கொட்டுகிறது என்றால், இரண்டும் சேர்ந்து ஆயிரம் லிட்டர் டேங்க் ஐந்து நிரம்புகிற தண்ணீர் அந்தச் சின்ன இடத்தில் வந்து விழுகிறது. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு மிகையாகத் தெரியாது. செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது அன்றைக்குத்தான்.

அதனால் முதல் வேலை முற்றத்தில் இல்லை, மாடிப் பைப்பில் இருக்கிறது. அந்தத் தண்ணீரை முற்றத்தில் விழவே விடாமல் தனிப் பைப்பில் வாங்கி, மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கோ வெளியே மழைநீர் வடிகாலுக்கோ கொண்டுபோய்விடுங்கள். 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது. நிறைய வீடுகளில் அந்தத் தொட்டி இருக்கும், ஆனால் மண் மூடி, பைப் உடைந்து, பேருக்கு இருக்கும். அதைத் தூர்வாரி உயிர் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும், நிலத்தடி நீருக்கும் நல்லது. பாதாளச் சாக்கடைப் பைப்பிலோ செப்டிக் டேங்கிலோ மட்டும் மழைத்தண்ணீரைச் சேர்க்காதீர்கள். பெருமழை அன்று அந்தத் தண்ணீர் கழிவோடு சேர்ந்து வீட்டுக்குள்தான் திரும்பி வரும்.

மண் என்ன மண்?

மதுரையைச் சுற்றி எல்லா இடமும் ஒரே மண் இல்லை. மேலூர், அழகர்கோவில் பக்கம் செம்மண் நிறைய. திருமங்கலம், கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டி பக்கம் கரிசல். அதுபோக, பழைய வயலிலும் கண்மாயை ஒட்டியும் பிளாட் போட்ட இடங்களில் மேலே இரண்டடி கிராவல் கொட்டி நிரவியிருப்பார்கள், அடியில் களிமண் அப்படியே இருக்கும். மேலே பார்த்து ஏமாறாதீர்கள்.

ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் ஒரு குழி வெட்டுங்கள். தண்ணீர் நிறைய ஊற்றி, அது முழுக்க இறங்கும்வரை விடுங்கள். முதல் தடவை காய்ந்த மண் வேகமாகக் குடிக்கும், அதை நம்பக்கூடாது. இரண்டாவது தடவை நிரப்பி, குழிக்குள் ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போட்டு, ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு இறங்கியது என்று அளந்து பாருங்கள். ஒரு இஞ்சுக்கு மேல் இறங்கினால் மண் உங்கள் பக்கம். அரை இஞ்சுகூட இறங்கவில்லை என்றால் மண்ணை நம்பி எதுவும் செய்யாதீர்கள், தண்ணீரை வெளியேற்றத்தான் வேண்டும். அக்கா வீட்டில் காலையில் ஊற்றிய தண்ணீரில் சாயங்காலம் வானம் தெரிந்தது.

கரிசலில் இன்னொரு தொல்லை உண்டு. மழையில் உப்பும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் நேராக மணலையோ ஜல்லியையோ கொட்டினால் அடுத்த மழைக்குள் அது கரிசலுக்குள் இறங்கி, கரிசல் மேலே வந்துவிடும். கரிசல் என்றால் குறைந்தது 8, 9 இஞ்சு வெட்டி எடுத்துவிட்டு, கிராவல் போட்டுத் தண்ணீர் தெளித்து இறுக்கி, அதன்மேல் தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கிற ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்துத்தான் ஜல்லி போட வேண்டும். செம்மண்ணுக்கு 5, 6 இஞ்சு வெட்டினால் போதும். துணிக்குப் பதிலாக உரச்சாக்கைப் பிரித்துப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம், சாக்கு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பழைய சேலை மக்கிப் போகும்.

வாட்டம்

கொத்தனார்கள் வாட்டம் என்று சொல்வார்களே, தண்ணீர் தானாக ஓடுகிற சரிவு, அதுதான் இந்த வேலையின் உயிர். பத்தடிக்கு ஒன்றரை இஞ்சு இறக்கம் வைத்தால் சரியாக இருக்கும். அதாவது வீட்டுச் சுவரிலிருந்து காம்பவுண்டுச் சுவர்வரை 15 அடி என்றால் அந்தக் கடைசியில் தரை இரண்டேகால் இஞ்சு தாழ்ந்திருக்க வேண்டும். நின்று பார்த்தால் சமதரை மாதிரிதான் இருக்கும், தண்ணீருக்கு மட்டும் தெரியும். இறக்கம் எப்போதும் வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகத்தான் இருக்க வேண்டும். பேஸ்மட்டத்தை ஒட்டித் தண்ணீர் நின்றால் சுவரில் ஓதம் ஏறி, உள்ளே பெயின்ட் உரிந்து விழும். புல் மட்டம் வீட்டுத் தரை மட்டத்துக்கு அரை அடியாவது கீழே இருப்பது நல்லது.

இதைக் கண்ணால் பார்த்துச் செய்யாதீர்கள். ரசமட்டம் சின்ன இடத்துக்குத்தான் சரி, முற்றம் முழுக்கப் பார்க்க டியூப் மட்டம்தான். 30 அடி டியூப், உள்ளே தெரிகிற மாதிரி, வாங்கிக்கொள்ளுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. வாளியில் ஒரு முனையை முக்கி மெதுவாகத் தண்ணீர் ஏற்றுங்கள். நடுவில் ஒரு காற்றுக் குமிழ் இருந்தாலும் மட்டம் தப்பாகக் காட்டும், அதனால் டியூப் முழுக்க விரலால் நீவி, தட்டித் தட்டிக் குமிழை வெளியேற்றுங்கள். இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தால் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், அப்போதுதான் சரி. பிறகு ஒருவர் வீட்டுச் சுவரோரம் ஒரு முனையைப் பிடித்து, தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும், இன்னொருவர் அந்தக் கடைசியில் காம்பவுண்டுச் சுவரில் கோடு போட வேண்டும். இரண்டு கோடும் ஒரே மட்டம். அங்கிருந்து கீழே தரைவரை டேப் வைத்து அளந்தால் எவ்வளவு ஏற்றம், எவ்வளவு இறக்கம் என்று இஞ்சுக் கணக்கில் வந்துவிடும். நாங்கள் அளந்தபோது அக்கா வீட்டு முற்றம் வீட்டுப் பக்கம் முக்கால் இஞ்சு தாழ்ந்திருந்தது. ஏன் படுக்கையறைச் சுவர் கீழே எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று மூன்று வருடமாகத் தேடிய கேள்விக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது.

அளந்த பிறகு நாலு மூலையிலும் முளை அடித்து, வேண்டிய வாட்டத்தில் நூல் கட்டி, அந்த நூலைப் பார்த்து மண்ணை வெட்டுங்கள். அடிமண்ணிலேயே வாட்டம் வர வேண்டும். மண்ணைக் கோணலாக விட்டுவிட்டு மேலே போடுகிற ஜல்லியில் வாட்டம் வைத்துக்கொள்ளலாம் என்பது தப்பு, தண்ணீர் ஜல்லியைத் தாண்டி இறங்கி அடிமண்ணின் பள்ளத்தில் போய்ச் சேர்ந்துவிடும்.

தண்ணீருக்கு வாறுகால்

வாட்டத்தின் கடைசியில் தண்ணீரை வாங்கிக்கொள்ள ஒன்று வேண்டும். காம்பவுண்டுச் சுவரோரமாக, சுவர் அஸ்திவாரத்தை விட்டு ஓரடி தள்ளி, ஓரடி அகலம் ஒன்றரை அடி ஆழத்தில் நீளமாக வாய்க்கால் வெட்டுங்கள். உள்ளே ஜியோ டெக்ஸ்டைல் துணியை இரண்டு பக்கமும் வழிய விட்டு விரித்து, முக்கால் இஞ்சு ஜல்லியை இரண்டு இஞ்சு உயரத்துக்குப் போட்டு, அதன்மேல் ஓட்டை போட்ட 4 இஞ்சு பிவிசி பைப்பைப் படுக்க வையுங்கள். ஓட்டை கீழ்ப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். நிறையப் பேர் மேல்பக்கம் வைத்துவிடுகிறார்கள், எனக்கும் முதலில் அதுதான் சரி என்று தோன்றியது. தண்ணீர் ஜல்லிக்குள் அடியிலிருந்துதான் நிரம்பி ஏறும், ஓட்டை கீழே இருந்தால் தண்ணீர் கொஞ்சம் ஏறியதுமே பைப் அதை வாங்கிக்கொண்டு ஓடத் தொடங்கிவிடும். மேலே இருந்தால் பைப் மூழ்கிய பிறகுதான் வேலை செய்யும், மண்ணும் உள்ளே விழும். பைப்புக்கு எட்டு, பத்தடிக்கு ஒரு இஞ்சாவது வாட்டம் கொடுத்து, மேலே ஜல்லியால் மூடி, வழிய விட்ட துணியை மடித்துப் போர்த்திவிடுங்கள்.

பைப்பின் கடைசியில் தண்ணீர் வந்து விழ ஒரு சின்ன சேம்பர், அதாவது தொட்டி, கட்டி மூடி போடுங்கள். இந்த மூடியைப் புல்லுக்கு அடியில் புதைக்கவே கூடாது. சம்ப் மூடிக்கும் இதேதான், அது புல் மட்டத்துக்கு மேலே எழும்பி நிற்க வேண்டும், இல்லையென்றால் புல்லில் வழியும் தண்ணீர் குடிதண்ணீரில் இறங்கும்.

சேம்பரிலிருந்து எங்கே? தெருவில் மழைநீர் வடிகால் இருந்து, அது உங்கள் முற்றத்தைவிடத் தாழ்வாக இருந்தால் நேராக அங்கே விடலாம். பக்கத்து வீட்டு மனைக்குள் மட்டும் திருப்பிவிடாதீர்கள். வருஷக்கணக்கான பேச்சுவார்த்தை ஒரே மழையில் முறிந்துபோகும்.

செம்மண் இடம் என்றால் உறிஞ்சு குழி நல்ல வழி. மூன்றடி விட்டம், ஆறடி ஆழம், சிமெண்ட் உறை இறக்கினால் சுமார் 1,200 லிட்டர் பிடிக்கும். உறை வைக்காமல் முழுக்க ஜல்லி நிரப்பினால் ஜல்லி போக மிச்ச இடம் ஐந்தில் இரண்டு பங்குதான், ஐந்நூறு லிட்டர்கூடத் தேறாது. அதனால் உறையே மேல். வீட்டு அஸ்திவாரத்திலிருந்து பத்தடியாவது தள்ளி வையுங்கள். கரிசலில் இந்தக் குழி ஒரு மழைக்கு நிரம்பிவிட்டு அப்படியே நிற்கும், வெறும் தொட்டிதான்.

ரோடு உயர்ந்து வீடு பள்ளத்தில் போய்விட்ட தெருக்கள் மதுரையில் எத்தனையோ இருக்கின்றன. அங்கே வாட்டத்தை வெளியே கொடுக்க முடியாது, கொடுத்தாலும் தெருத் தண்ணீர் உள்ளே வரும். அந்த வீடுகளுக்கு நான் சொல்வது: கேட் வாசலில் குறுக்காகக் கம்பி ஜாலி போட்ட ஒரு வாறுகால் கட்டித் தெருத் தண்ணீரை அங்கேயே பிடித்துவிடுங்கள், முற்றத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு தொட்டி கட்டி அதில் மிதவையோடு ஒரு சின்ன மோட்டார் வையுங்கள். பெருமழையில் கரண்ட் போகும் என்பதையும் சேர்த்தே யோசித்துத் தொட்டியைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டுங்கள். இந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றால் அந்த முற்றத்தில் செயற்கைப் புல் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஜல்லிப் படுக்கை

வாட்டமும் வாறுகாலும் முடிந்த பிறகு இது சுலபம். ஜியோ டெக்ஸ்டைல் மேல் முக்கால் இஞ்சு ஜல்லியை 4 இஞ்சு உயரத்துக்குப் பரப்பி, திமிசுக்கட்டை போட்டு இடித்து இறுக்குங்கள், வாடகைக்கு இறுக்குகிற மெஷின் கிடைத்தால் இன்னும் நல்லது. 300 சதுர அடிக்குக் கணக்குப்படி ஒரு யூனிட் (100 கன அடி), இறுகும்போது குறையும் என்பதால் ஒன்றேகால் யூனிட்டாகச் சொல்லிவிடுங்கள். அதன்மேல் கால் இஞ்சு சிப்ஸ், அதாவது பொடி ஜல்லி, ஒரு இஞ்சு உயரத்துக்கு. கிரஷர் தூள் போட்டால் நன்றாகச் செட்டாகும் என்பார்கள். உண்மைதான், செட்டாகும், அதுதான் பிரச்சினை: தூள் நனைந்து நனைந்து சிமெண்ட் தரை மாதிரி ஆகித் தண்ணீரை இறங்கவிடாது. தூள் இல்லாத சிப்ஸ்தான் என்று லாரியைக் கூப்பிடும்போதே சொல்லி, இறக்கும்போது கையில் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். கையெல்லாம் வெள்ளையாக மாவு ஒட்டினால் கழுவாமல் பயன்படுத்தாதீர்கள்.

சுற்றி ஓரக்கல் வைத்துச் சிமெண்ட் பூசுவார்கள், அங்கே கவனமாக இருங்கள். தாழ்வான பக்கத்தில் ஓரக்கல்லை இடைவெளி இல்லாமல் பூசிவிட்டால் அது ஒரு கரை, முற்றம் கண்மாய். மூன்றடிக்கு ஒரு இடத்தில் ஒரு இஞ்சு பைப் துண்டை வைத்துப் பூசச் சொல்லுங்கள். வேப்பமரம் இருந்தால் அடிமரத்தைச் சுற்றி மூன்றடி வட்டம் மண்ணாகவே விடுங்கள். காம்பவுண்டுச் சுவரோரம் இரண்டடி மண் பட்டை விட்டு மல்லிகை, கனகாம்பரம் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. சித்திரை வெயிலில் செயற்கைப் புல் வெறுங்கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும், கொஞ்சமாவது நிழலும் ஈரமும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஏற்கெனவே சிமெண்ட் தளம் போட்ட முற்றம் என்றால் வெட்டத் தேவையில்லை. தண்ணீர் ஊற்றிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து எங்கெல்லாம் தேங்கி நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அந்தப் பள்ளங்களைக் கலவை போட்டு வாட்டத்துக்குக் கொண்டுவந்து, மேலே தண்ணீர் ஓட இடைவெளி விடுகிற பிளாஸ்டிக் வடிகால் தட்டுகளைப் பரப்பி, அதன்மேல் புல்லை விரிக்கலாம்.

விரிக்கிற நாள்

தைப் பொங்கல் முடிந்ததும் தோண்டத் தொடங்கினால் பங்குனிக்குள் ஜல்லி வேலை முடிந்துவிடும். உடனே புல்லை விரிக்காதீர்கள். ஒரு கோடை மழை வரட்டும். ஜல்லிப் படுக்கை எங்கேயாவது உட்காருகிறதா, சேம்பரில் தண்ணீர் வந்து விழுகிறதா என்று பார்த்து, உட்கார்ந்த இடத்தில் சிப்ஸ் போட்டு நிரவிவிட்டு, அப்புறம் விரியுங்கள். மழை வராவிட்டால் நடுவில் நின்று ஒரு குடம் தண்ணீரை ஒரே இடத்தில் கவிழ்த்துப் பாருங்கள், அடுத்த குடத்தைத் தூக்குவதற்குள் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கியிருக்க வேண்டும். புரட்டாசியில் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள், வெட்டிய பள்ளத்தில் அடைமழை பிடித்தால் கரிசலில் கால் வைக்க முடியாது.

விரிப்பு வாங்கும்போது ஒரு துண்டைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். ஓட்டைகள் நெருக்கமாக, ரப்பர்ப் பூச்சு அடைக்காமல் இருக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை, புரட்டாசி கடைசியில், சேம்பர் மூடியைத் திறந்து பார்ப்பதை மறக்காதீர்கள். அக்கா வீட்டில் போன தடவை திறந்தபோது வேப்பிலை மக்கி அரை வாளி கறுப்புச் சேறு இருந்தது. மாமா அதை அள்ளி மல்லிகைச் செடிக்குப் போட்டார். பைப் வாயில் ஹோஸை விட்டு அடித்தோம், முதலில் கலங்கலாக வந்து, நாலு நிமிடத்தில் தெளிந்து ஓடியது.